ரத்தினபாய்க்கு நான் போட்ட மார்க்

ரத்தினபாய் மேல் எனக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது மின்சார ரயிலில். கடற்கரை – தாம்பரம் மார்க்கத்தில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். பெயர் தனசிங். அந்த அம்மாள் பல்லாவரத்தில் ஏறி எழும்பூரில் இறங்குவார். நான் பெட்டிக்குள் கால் வைத்ததுமே, கேட்பதற்கு முன்பே, சீசன் டிக்கெட்டை எடுத்து நீட்டிவிடுவார். கேட்கும் முன்னால் நீட்டுகிறவர்களை நான் இரண்டு தடவை பார்ப்பேன். அவருடைய சீசனைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். தேதி சரியாக இருக்கும், படம் சரியாக இருக்கும், கையெழுத்தும் சரியாக இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

இன்னொன்றும் இருந்தது. அவருடைய உதடு சும்மா இருக்காது. கையில் ஃபோன் கிடையாது, வேதாகமம் கிடையாது, பக்கத்தில் பேச்சுத் துணை கிடையாது. மீனம்பாக்கம் தாண்டும்போது ஜன்னலைப் பார்த்தபடி முணுமுணுவென்று ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கோபமாக, மறுநாள் கெஞ்சலாக, முகமும் கூடவே மாறும். இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்போது ரயில்வேக்காரர்கள் பென்ஷனோடு சேர்த்து சந்தேகத்தையும் எனக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள் என்று என் மனைவி சொல்வாள். சொல்லட்டும். சந்தேகப்படாமல் இருந்திருந்தால் பாதி சென்னை ஓசியில் போயிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு ஒழுங்காகக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அவர் எங்கள் சபைதான். எங்கள் சபை பெரியது. தாம்பரத்தில் ஆலயம் என்றாலும் அனகாபுத்தூர், குரோம்பேட்டை, சேலையூர், மறைமலை நகர், இரும்புலியூர் என்று ஐந்து பகுதிக் குழுக்கள். ரத்தினபாய் அனகாபுத்தூர்க் குழு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் சாகும்போது மகளுக்கு எட்டு வயது. அதற்கப்புறம் எழும்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் வேலை. வேலை என்றால் பெயர் கூப்பிடுவது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு இருநூறு பெயர், இருபத்தாறு வருடம். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். அடையாற்றில் வெள்ளம் வந்த வருடம் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர் நின்றதாம். அப்போது சொந்தச் சாமான்களை விட்டுவிட்டு, குழுவின் நாடக உடைகள் இருந்த டிரங்குப் பெட்டியைத்தான் முதலில் பரண் மேல் ஏற்றினார் என்று சொல்வார்கள். அதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. அப்படிச் செய்கிற ஆள் எங்கே இருக்கிறார்.

கிறிஸ்துமஸை ஒட்டி எங்கள் சபையில் பகுதிக் குழுக்களுக்குள் நாடகப் போட்டி நடக்கும். சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பாட்டுக் குழுவில் இடம் கிடைக்காததற்குக் கூட மன்னித்துவிடுவார்கள், நாடகத்தில் தோற்றால் ஈஸ்டர் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சிறந்த நடிகர், சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகை என்று எல்லாவற்றுக்கும் விருது உண்டு. ரத்தினபாய் பத்தொன்பது வருடமாக நடிக்கிறார். வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ், காபி கொண்டு வருகிறவள். ஒரு விருதும் வாங்கியதில்லை. நோட்டீஸில் கூட அவர் பெயர் வந்ததில்லை. கடைசி வரியில் 'மற்றும் பலர்' என்று ஒன்று போடுவார்களே, அந்தப் பலரில் ஒருவர்.

மூன்று வருடத்துக்கு முன் என்னை நடுவராகப் போட்டார்கள். நான் செய்த முதல் காரியம், ஒரு விதி கொண்டு வந்தது. அதுவரைக்கும் திரைக்குப் பின்னால் ஒரு ஆள் புத்தகத்தோடு நின்று, நடிகர்கள் மறந்துபோன வசனத்தை எடுத்துக் கொடுப்பது வழக்கம். முதல் வரிசைக்குக் கேட்கும். சில சமயம் நடிகரை விட அவர் குரல் நன்றாக இருக்கும். இதெல்லாம் டிக்கெட் இல்லாத பயணம் என்று கூட்டத்தில் சொன்னேன். இனிமேல் எடுத்துக் கொடுத்தால் தடவைக்கு இரண்டு மார்க் கழிவு என்று எழுதி ஒட்டச் செய்தேன். புத்தகம் பிடித்தவர்கள் ஒழிந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருடம் அனகாபுத்தூர்க் குழுவின் நாடகம் கடைசியாக வந்தது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு அப்பாவின் கதை. அப்பாவாக எலியேசர். எழுபத்து நாலு வயது, குரல் மட்டும் இன்னும் கணீரென்று இருக்கும். அந்தக் குழுவின் நிரந்தரக் கதாநாயகன் அவர்தான். ரத்தினபாய் அந்த வீட்டு வேலைக்காரி. வசனம் நாலே நாலு. ஆனால் மேடைக்கு வந்ததோ பதினோரு தடவை. நான் எண்ணினேன்.

பெருக்கினார், துணி மடித்தார், காபி கொண்டு வந்தார், கொண்டு வந்த காபியைத் திரும்ப எடுத்துப் போனார். இதில் பெரிய தப்பு ஒன்று செய்தார். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஞாயிறு பள்ளிக் குழந்தை கூடச் செய்யாத தப்பு. பத்தொன்பது வருடம் மேடை ஏறிய பொம்பளைக்கு இது கூடவா தெரியாது என்று நினைத்ததுமே எனக்கு மூக்கில் வியர்த்தது. அடுத்த தடவை அவர் வந்தபோது நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. எலியேசர் பேசுகிறார், பேசுகிறார், ஒரு இடத்தில் மூச்சு வாங்குவது போல நிற்கிறார். துடைப்பம் அவர் நாற்காலியை நோக்கி நகர்கிறது. முதுகு நம் பக்கம் திரும்புகிறது. எலியேசர் மறுபடி பேசுகிறார். முதுகு திரும்பும் அந்த நொடியில் பக்கவாட்டில் தெரிந்தது, ரயிலில் பார்த்த அதே உதடு.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்த் திரை இழுக்கும் துளசிங்கத்தைப் பிடித்தேன். யாராவது ஒளிந்து நின்று வசனம் எடுத்துக் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "இங்க ஒரு ஈ காக்கா கெடையாது சார். நீங்க வேற, வருசா வருசம் வந்து பேஜார் பண்ணிக்கினு" என்றான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பின்னால் யாரும் இல்லை. முன்னால்தான் ஆள்.

செவ்வாய்க்கிழமை குரோம்பேட்டையில் டெபோராவின் வீட்டில் நடுவர்கள் மூன்று பேரும் கூடினோம். டெபோரா வங்கி மேலாளர். மூன்றாவது நடுவர் சத்தியநாதன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். சிறந்த நடிகர் எலியேசர் என்பதில் மற்ற இருவருக்கும் மறுபேச்சே இல்லை. தகராறு துணை நடிகையில் வந்தது. ஒரு பக்கம் ரத்தினபாய். இன்னொரு பக்கம் சேலையூர்க் குழுவில் பார்வையில்லாத தங்கையாக வந்து கூடத்தையே அழவைத்த வினிதா, கல்லூரிப் பெண். ஆளாளுக்கு நூற்றுக்கு மார்க் போட்டு, கூட்டி, அதிகம் வந்தவருக்கு விருது. பேசி முடித்தபின் மார்க்கைத் திருத்தலாம், கையெழுத்துப் போட்டால் திருத்த முடியாது.

மற்ற இருவரும் ரத்தினபாய்க்குத் தொண்ணூறு பக்கம் போட்டிருந்தார்கள். முதுகு காட்டி நின்றதை டெபோரா துணிச்சல் என்றார். நிஜ வேலைக்காரி நமக்கு முகம் காட்டிக்கொண்டா பெருக்குவாள் என்று கேட்டார். சத்தியநாதன் அதற்கும் மேலே போய், எலியேசரின் நடிப்பே அந்த அம்மாள் பக்கத்தில் வரும்போதுதான் சூடு பிடிக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சூடு பிடிக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தானே. சத்தியநாதன் முன்பு அனகாபுத்தூரில் குடியிருந்தவர் என்பதும் எனக்கு நினைவு வந்தது. நான் எழுபது போட்டிருந்தேன். கூட்டினால் அப்போதும் ரத்தினபாய்தான் முன்னால். இரண்டு நாள் டைம் கொடுங்கள், ஒரு விஷயம் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆதாரம் கையில் இல்லாமல் நான் அபராதம் போட்டதே கிடையாது.

மறுநாள் பதினோரு மணிக்கு அனகாபுத்தூர் போனேன். ஆட்டோ உள்ளே வராது என்று தெருமுனையிலேயே இறக்கிவிட்டான். வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு வெள்ளையடித்த பிறகும் லேசாகத் தெரிந்தது. ரத்தினபாய் என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினார். ரயிலில் சீசனை நீட்டுவாரே, அதே மாதிரி.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் சார். மேடையில நிக்கும்போதே பார்த்தேன். எல்லாரும் எலியேசர் அண்ணனப் பாக்குறாங்க, நீங்க என் வாயையே பார்த்துகினு இருந்தீங்க."

நோட்டில் நாடகம் முழுவதும் அவர் கையெழுத்தில் இருந்தது. எல்லாருடைய வசனமும். ரயிலில் அந்த உதட்டில் ஓடிக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட வசனம்தான் என்று அப்போது புரிந்தது. எலியேசரின் வசனத்தில் மட்டும் அங்கங்கே சிவப்புக் கோடு. எங்கெங்கே நிற்பார் என்று ஒத்திகையிலேயே கணக்கெடுத்து, அந்த இடத்தில் தான் எந்தச் சாக்கில் மேடைக்கு வர வேண்டும் என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். 'துடைப்பம்.' 'காபி.' 'திரும்பக் காபி.' முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமான மோசடியை நான் பார்த்ததில்லை.

நான் கோபமாகத்தான் கேட்டேன். வேதம் படிக்கிறவர்கள் செய்கிற காரியமா இது என்று. அவர் அசையவில்லை.

"நாலஞ்சு வருஷமா அவருக்கு ஞாபகம் நழுவுது சார். அவர் பையன் ஆஸ்டினுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு. முன்னெல்லாம் பின்னால புஸ்தகத்தோட ஒருத்தர் நிப்பார், அது அவருக்குப் போதும். நீங்க ரூல் போட்டீங்க. நான் துடைப்பத்தை எடுத்துக்கினேன்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் நடிப்பை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்டேன், முதலில் இருந்த அதிகாரம் குரலில் இல்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பாதி நாள் பேரப்பிள்ளையின் பெயரே எலியேசருக்கு வருவதில்லை. ஆனால் மேடையில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் மிச்சம் பத்து வரி தானாக வருகிறது. டிசம்பர் நெருங்கினால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காகிறது, ஆளே மாறிவிடுகிறார். விஷயம் தெரிந்துவிட்டால் ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை வந்த அன்றைக்கு அவர் மேடை ஏறமாட்டார்.

நான் நோட்டை மூடி வைத்தேன். பிறகு, சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். துணை நடிகை விருதில் நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள் என்றேன்.

ஒரு நிமிடம் அந்த முகத்தில் சந்தோஷம் வந்தது. நான் எத்தனையோ நடிப்பைப் பார்த்தவன், அது நடிப்பு இல்லை. அடுத்த நிமிடமே அது போய்விட்டது. விருது கொடுக்கும்போது திரையில் என்ன காட்டுவார்கள் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. விருது வாங்குகிறவர் நடித்த காட்சியைப் பெரிய திரையில் ஓடவிட்ட பிறகுதான் பெயரைக் கூப்பிடுவார்கள். வாலிபர் சங்கம் மூன்று கேமரா வைத்துப் படம் பிடித்திருக்கிறது. ஒன்று பக்கவாட்டில். அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டால் அந்த உதடு மொத்தக் கூடத்துக்கும் தெரியும். ஏதாவது நல்ல காட்சியாகப் பொறுக்கிக் கொடுக்கலாமே என்றேன்.

"பதினோரு தடவை வந்தேன் சார். பதினொண்ணும் அவருக்காகத்தான். எதைப் போடுவீங்க? எனக்கு வேணாம். மார்க்கைக் கொறைச்சிடுங்க."

ஆசையே இல்லையா என்று கேட்டேன். டீ டம்ளரைக் கழுவி வந்து, துடைத்து வைத்த பிறகுதான் பதில் வந்தது.

"ஆசை இல்லாம இருக்குமா? எத்தனை ஆயிரம் பேரை மைக்குல கூப்பிட்டிருக்கேன். என் பேரை யாராவது ஒரு தடவை மைக்குல கூப்பிட்டாக் கேக்கணும்னு இருக்கு. அதுக்காக அவரை விட்டுக் குடுக்க முடியுமா?"

வெளியே வந்து பல்லாவரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரியாகச் சந்தேகப்பட்டு, கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, திருடனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை மறுபடி கூடினோம். எழுபதை அடித்துவிட்டு நாற்பத்தொன்று போட்டேன். அதற்கு மேல் போட்டால் வினிதா முன்னால் வரமாட்டாள், கூட்டிப் பார்த்துத்தான் போட்டேன். டெபோரா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். காரணம் கேட்டார்கள். காரணமா, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முதுகு காட்டினார் என்றேன். குரல் எடுபடவில்லை என்றேன். கடைசியில் ஒன்றும் தோன்றாமல், துடைப்பம் பிடிக்கவே தெரியவில்லை என்றேன். சொல்லும்போதே என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவங்க மேல உங்களுக்கு அப்படி என்ன சார் கோவம்?" என்றார் டெபோரா. சத்தியநாதன் நேராகக் கேட்கவில்லை. வினிதாவின் தாத்தா ரயில்வேயில் என்னோடு வேலை பார்த்தவர்தானே என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இரண்டு நாள் விசாரணை என்றது இதுதானா என்றும் கேட்டார். பயணி ஒருவர் கையால் ஒரு காபி கூட வாங்கிக் குடிக்காதவன் நான். காது மடல் வரை சூடானது. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும், அதனால் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். எலியேசருக்குத் திரையில் எந்தக் காட்சி என்ற பேச்சு வந்தபோது, அவர் தனியாக உட்கார்ந்து மகன் எழுதிய கடிதத்தை வாசிக்கிற காட்சியைப் போடச் சொன்னேன். அதில் அவர் கையில் தாள் இருக்கிறது, பக்கத்தில் துடைப்பம் இல்லை. எலியேசரின் மார்க்கை நான் தொடவில்லை. டிக்கெட் இல்லாத ஒருவரைத் தெரிந்தே போகவிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விழா. கூடம் நிறைந்திருந்தது. துணை நடிகை விருதுக்கு வினிதாவைக் கூப்பிட்டார்கள். அனகாபுத்தூர்க் குழு உட்கார்ந்திருந்த பக்கம் கைதட்டலே இல்லை, ரத்தினபாய் ஒருவரைத் தவிர. நான் மார்க்கைக் குறைத்த விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. அந்தக் குழுவின் செயலாளர் ஏசுதாசன் என்னைப் பார்த்த பார்வையில் நான் பச்சைத் துரோகி. ஆயர் கூட என்னைக் கடந்து போகும்போது ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

பிறகு எலியேசர். கடிதம் வாசிக்கும் காட்சி ஓடியது, பலர் கண்ணைத் துடைத்தார்கள். சால்வை போட என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். அவர் மைக்கைப் பிடித்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார், ஆயருக்குச் சொன்னார், அனகாபுத்தூர்க் குழுவுக்குச் சொன்னார். குரல் கணீரென்றுதான் இருந்தது.

"என்கூடப் பத்தொன்பது வருஷமா நடிக்கிற..." என்று ஆரம்பித்தவர் நின்றார்.

உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். நான் அவர் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரிந்தது. கண் யாரையோ தேடியது. ஐந்தாவது வரிசையில் ரத்தினபாய் பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது, ஆனால் அவ்வளவு தூரத்தில் இருந்து அதைப் படிக்க எலியேசரின் கண்ணுக்குச் சக்தி இல்லை. அந்த அம்மாள் கையில் இன்றைக்குத் துடைப்பமும் இல்லை. இன்னும் ஒரு நிமிடம் போனால் அந்தப் பார்வை ஆரம்பித்துவிடும்.

சால்வை நழுவவில்லை. நழுவுகிற மாதிரி நான் ஒரு பக்கம் இழுத்துவிட்டேன். அதைச் சரி செய்யும் சாக்கில் அவருக்கும் ஜனங்களுக்கும் நடுவே போய், மொத்தக் கூடத்துக்கும் முதுகைக் காட்டி நின்று, அவர் காதில் அந்தப் பெயரைச் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. "ரத்தினபாய்" என்றார் மைக்கில். பிறகு மிச்சம் தானாக வந்தது. ரத்தினபாய் இல்லாவிட்டால் தான் ஒரு நாடகமும் நடித்திருக்க முடியாது என்றார். ரத்தினபாய் எழுந்து நிற்க வேண்டும் என்றார். மூன்று தடவை அந்தப் பெயரைச் சொன்னார். அனகாபுத்தூர்க் குழு எழுந்து நின்று தட்டியது. அந்த அம்மாள் எலியேசரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

நான் இறங்கி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சத்தியநாதன் கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எலியேசர் காதில் என்ன சொன்னேன் என்று கேட்டார்.

"சால்வை நழுவுது, பிடிச்சுக்கோங்கன்னு சொன்னேன்."

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.